சித்தி வீட்டுச் சலவை யந்திரம்

நங்கநல்லூரில் என் சித்தி வீட்டில் போன மாதம் ஒரு மரணம் நேர்ந்துவிட்டது. பயப்படாதீர்கள், மனிதர்கள் எல்லாரும் சௌக்கியமாகத்தான் இருக்கிறார்கள். 14 வருஷமாக அந்தக் குடும்பத்தின் அழுக்கையெல்லாம் தன் வயிற்றில் வாங்கிக்கொண்டிருந்த சலவை யந்திரந்தான் உயிரை விட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சித்தப்பாவின் எட்டு முழ வேஷ்டி நாலும், இரண்டு தலையணை உறையும் உள்ளே இருக்கும்போதே அது 'கடகட'வென்று முனகியதாம். கொஞ்சம் புகை விட்டதாம். அப்புறம் பேச்சு மூச்சு இல்லை. பழுது பார்க்க வந்தவர் பின்பக்கத்துத் தகட்டைக் கழற்றி எட்டிப் பார்த்துவிட்டு, துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி தலையை ஆட்டினார். "மோட்டார் எரிந்துவிட்டது. அடித்தகடெல்லாம் துரு. இதற்குப் பணம் போடாதீர்கள், புதிதாக வாங்கிவிடுங்கள்" என்றார்.

அன்று சாயங்காலமே சித்தி எனக்கு டெலிபோன் செய்தாள். "ஏண்டி, நீ பத்திரிகைக்காரியாச்சே! நாலு இடம் விசாரிக்கத் தெரியும் உனக்கு. ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டுப் போ. இங்கே ஆளுக்கு ஒரு யந்திரம் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்" என்றாள்.

போனேன். கூடத்தில் ஒரு வட்ட மேஜை மகாநாடே நடந்துகொண்டிருந்தது. சித்தியின் பிள்ளை கையில் செல்போனை வைத்துக்கொண்டு, 9 கிலோ பிடிக்கும் ஃபிரண்ட் லோடு யந்திரம் ஒன்றின் படத்தைக் காட்டினான். ஆபீஸில் உட்கார்ந்தபடியே செல்போனில் விரலால் தொட்டு அதை ஓட்டலாமாம். "துணியை உள்ளே போடுவதும் ஆபீஸிலிருந்துதானா?" என்று அவன் மனைவி கேட்டாள். அவளுக்கு வேண்டியது வெந்நீரில் தோய்க்கும் யந்திரம். பேத்தியின் பள்ளிக்கூடச் சீருடையில் ஒட்டிக்கொண்டு வரும் மசியும் மண்ணும் அவள் கவலை.

சித்தப்பா மட்டும் பிடித்த பிடியை விடவில்லை. "எதை வேண்டுமானாலும் வாங்குங்கள், ஆனால் 'இன்வெர்ட்டர்' என்று போட்டிருக்க வேண்டும். கரண்ட் போனாலும் ஓடும்" என்றார்.

சித்தப்பாவைப் போல் நினைத்துக்கொண்டிருப்பவர்கள் ஏராளமாக இருப்பதால் இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சலவை யந்திரத்தில் எழுதியிருக்கும் இன்வெர்ட்டர் வேறு, பரண் மேல் பாட்டரியோடு உட்கார்ந்திருக்கும் இன்வெர்ட்டர் வேறு. மோட்டாரின் வேகத்தைத் துணியின் பாரத்துக்குத் தகுந்தபடி கூட்டிக் குறைக்கும் ஏற்பாட்டுக்குத்தான் இங்கே அந்தப் பெயர். சத்தம் குறைவு, மின்சாரமும் கொஞ்சம் மிச்சம். அதற்காகக் கரண்ட் போனால் ஓடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அப்படியே நின்றுவிட்டு, கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும், அவ்வளவுதான். சித்தப்பாவுக்கு இதைப் புரியவைக்க எனக்கு இரண்டு டம்ளர் காபி செலவாயிற்று. (செலவு அவருடையதுதான்.)

இத்தனை அமர்க்களத்திலும் ஒன்றைக் கவனித்தேன். அந்த யந்திரத்தின் முன்னால் தினமும் நிற்கப் போகிறவர்கள் இரண்டே பேர். ஒருத்தி சித்தி, முழங்கால் வலிக்காரி, குனிந்தால் நிமிர்வதற்கு இரண்டு நிமிஷம் ஆகும். இன்னொருத்தி 9 வருஷமாக வேலைக்கு வந்துகொண்டிருக்கும் அம்மாள். இருவரையும் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சித்தி அடுப்பங்கரையில் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் கையில் துடைப்பத்தோடு வாசல்படியில் நின்று, புரிந்தும் புரியாமலும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் குடிக்க உள்ளே போனபோது மெள்ளப் பின்னாலேயே வந்தாள்.

"அக்கா, தானா தோய்ச்சித் தானா பிழியிற மிஷின் வந்துட்டா, துணிக்கு நான் வேணாமாக்கா?"

சென்னையில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இந்தக் கேள்வியின் அர்த்தம் தெரியும். பாத்திரத்துக்கு ஒரு தொகை, பெருக்கித் துடைக்க ஒரு தொகை, துணிக்கு ஒரு தொகை என்றுதான் மாதச் சம்பளம் பேசுகிறோம். அதில் ஒரு தொகை போய்விடுமோ என்பது அவள் பயம். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அடுப்பண்டை நின்ற சித்தியும் அப்போது ஒன்றும் சொல்லவில்லை.

* * *

கடைக்குப் போவதற்கு முன்னால், இந்த யந்திரங்கள் எப்படித் தோய்க்கின்றன என்று கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. பெயர்களைக் கண்டு மிரள வேண்டாம். நம் பாட்டிமார் செய்ததைத்தான் இவையும் செய்கின்றன.

ஆற்றங்கரையில் சலவைத் தொழிலாளி என்ன செய்வார்? துணியை ஓங்கித் தூக்கிக் கல்லில் அடிப்பார். ஃபிரண்ட் லோடு யந்திரமும் அதைத்தான் செய்கிறது. முன்பக்கம் கண்ணாடிக் கதவு; உள்ளே படுத்தவாக்கில் ஓர் உருளை. அது சுற்றும்போது துணியை மேலே தூக்கிச் சென்று 'பொத்'தென்று கீழே போடும். மறுபடி தூக்கும், மறுபடி போடும். துணி தண்ணீரில் மூழ்கி மிதக்க வேண்டியதில்லை, நனைந்திருந்தால் போதும். அதனால் தண்ணீர்ச் செலவு குறைவு. ஏழு கிலோ துணிக்குச் சுமார் 50, 60 லிட்டரில் காரியம் முடிந்துவிடும். அழுக்கும் நன்றாகப் போகும்.

மேலே மூடி வைத்த டாப் லோடு, மத்துப் போட்டுக் கடைகிற ஜாதி. நிற்கும் தொட்டியில் தண்ணீரை நிரப்பி, அடியில் இருக்கும் வட்டத் தகட்டை இப்படியும் அப்படியும் சுழற்றும். துணி தண்ணீரில் நீந்த வேண்டும். ஆகவே தண்ணீர் ஏறக்குறைய இரண்டு மடங்கு பிடிக்கும். கடைவதால் புடைவையும் வேஷ்டியும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு தேர்வடம் போல் வெளியே வரும். ஆனால் குனிய வேண்டாம். மறந்துபோன கைக்குட்டையை நடுவில் மூடியைத் திறந்து போடலாம்.

மூன்றாவது, செமி ஆட்டோமாடிக். இரட்டைத் தொட்டி. ஒன்றில் தோய்த்து, நாமே எடுத்து மற்றொன்றில் போட்டுப் பிழிய வேண்டும். விலை குறைவு. 12,000 ரூபாய்க்குள் கூடக் கிடைக்கும். மற்ற இரண்டையும் வைத்திருக்கிற பணக்காரச் சிநேகிதிகள் இதைக் கேலி செய்வார்கள். செய்யட்டும். 2019-ம் வருஷக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டு கிடந்தனவே, ஞாபகம் இருக்கிறதா? குழாயைத் திறந்தால் காற்று வந்தது. எங்கள் வீட்டு முழு ஆட்டோமாடிக் யந்திரம், குழாயில் தண்ணீர் வரட்டும் என்று மகாராஜா மாதிரி காத்துக்கொண்டு நின்றது. சித்தி வீட்டுச் செமி ஆட்டோமாடிக்கோ, லாரித் தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்து ஊற்றினால் வாங்கிக்கொண்டு வேலை செய்தது. முதலில் வெள்ளைத் துணி. அதே சோப்புத் தண்ணீரில் சாயத் துணி. அதே தண்ணீரில் கடைசியாகக் கால்மிதியும் கரித்துணியும். இந்தச் சிக்கனத்தை எந்தக் கணிப்பொறி மூளையும் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

"அப்படியானால் மறுபடி அதையே வாங்கிவிடலாமே" என்றேன் சித்தியிடம்.

"நனைந்த வேஷ்டியையும் ஜமக்காளத்தையும் ஒரு தொட்டியிலிருந்து இன்னொரு தொட்டிக்குத் தூக்கிப் போடுகிறாயா நீ வந்து?" என்றாள். அதுவும் நியாயந்தான். அந்தத் தூக்கல் இத்தனை வருஷமும் சித்தியின் மணிக்கட்டையும் அந்த அம்மாளின் இடுப்பையும் பதம் பார்த்திருக்கிறது.

* * *

அடுத்தது தண்ணீர்ப் பரீட்சை. யந்திரத்தின் விலையை விசாரிக்கிறோம், நிறத்தை விசாரிக்கிறோம்; நம் வீட்டுக் குழாயை விசாரிப்பதில்லை. சித்தியின் ஃபிளாட் மூன்றாவது மாடி. அதுவே கடைசி மாடி. தலைக்கு நேர் மேலே மொட்டைமாடித் தொட்டி. "தொட்டி இவ்வளவு பக்கத்தில் இருக்கிறதே, தண்ணீர் பிய்த்துக்கொண்டு வருமே" என்று நினைப்பீர்கள். நேர் விரோதம்! தண்ணீருக்கு வேகம் கொடுப்பது உயரம். பத்து மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் ஒரு 'பார்' அழுத்தம். ஃபிரண்ட் லோடு யந்திரங்களோடு வரும் சிறு புத்தகத்தைப் புரட்டினால், குறைந்தது 0.3 பார் வேண்டும், 0.5 பார் வேண்டும் என்று போட்டிருக்கும். அதாவது யந்திரத்தின் குழாய்க்கு மேல் மூன்று முதல் ஐந்து மீட்டர் உயரத்திலாவது தண்ணீர் நிற்க வேண்டும். தரைத்தள வீட்டுக்காரருக்கு இது தானாகக் கிடைத்துவிடும். சித்தி வீட்டில் சித்தப்பாவும் நானும் தச்சு நாடாவைப் பிடித்து அளந்தோம். தொட்டியின் அடிமட்டத்துக்கும் குழாய்க்கும் மூன்று மீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவே. தொட்டியில் தண்ணீர் இறங்கினால் யந்திரம் "தண்ணீர் இல்லை" என்று விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நின்றுவிடும். அழுத்தம் கூட்டுவதற்கென்று சின்ன மோட்டார் பம்பு வைக்கலாம். ஆனால் அது ஒரு தனிச் செலவு, தனிச் சத்தம், தனிப் பழுது.

தண்ணீரின் வேகம் இப்படி என்றால், குணம் இன்னொரு கதை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், சோப்பு நுரைக்காது, வாளியில் வெள்ளைக் கோடு விழும். இந்தியத் தர நிர்ணய அமைவனம் குடிநீருக்கு விதித்திருக்கும் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லி கிராம். வேறு வழியில்லாவிட்டால் 600 வரை பரவாயில்லை என்பது அதன் கணக்கு. சித்தியின் அடுக்ககத்தில் தண்ணீரைச் சோதித்த சீட்டில் 500-க்கு மேல் இருந்தது. இப்படிப்பட்ட தண்ணீரைச் சூடுபடுத்தினால் சுண்ணாம்பு படியும். குளியலறைக் கெய்சரைப் பிரித்தவர்கள் அந்தக் கம்பியைப் பார்த்திருப்பீர்கள். நாலு தீபாவளிக்குச் சுண்ணாம்பு அடித்தது போல் இருக்கும். ஃபிரண்ட் லோடுக்குள் இருக்கும் சூட்டுக் கம்பிக்கும் அதே கதிதான். மாதத்துக்கு ஒரு முறை சுண்ணாம்பு நீக்கும் பொடியைப் போட்டு, துணி இல்லாமல் வெந்நீர் ஓட்டம் விட வேண்டும். செய்கிறோம் என்று எல்லாரும் சொல்லுவோம். மூன்றாவது மாதம் மறந்துபோவோம்.

மருமகளின் வெந்நீர் ஆசையை நான் முழுக்கத் தள்ளிவிடவில்லை. வீட்டில் கைக்குழந்தையோ நோயாளியோ இருந்தால் அது பெரிய உபகாரம். மின்சாரமும் பயந்தபடி ஆகாது. 15 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக அரை யூனிட் போதும். ஆனால் சீருடையின் மசிக்கும் மண்ணுக்கும், முதல் நாள் இரவே வாளியில் ஊறப்போட்டுக் காலரைக் கொஞ்சம் தேய்த்துக் கொடுப்பதே கைகண்ட வைத்தியம். 'அதற்கு யாருக்கு நேரம் இருக்கிறது?' என்று மருமகள் ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என்னிடம் பதில் இல்லை. நானும் ஆபீஸ் போகிறவள்தான்.

கிலோ விவகாரத்தில் மட்டும் வேடிக்கையாகத் தீர்ப்புக் கிடைத்தது. யந்திரத்தில் போட்டிருக்கும் கிலோ, காய்ந்த துணியின் எடை. ஐந்து பேர் குடும்பத்தின் ஒரு நாள் துணியை மூட்டையாகக் கட்டிச் சித்தப்பா தலையில் வைத்து, அவரை எடை பார்க்கும் யந்திரத்தில் ஏற்றினோம். அவர் எடையைக் கழித்தால் மூன்றரைக் கிலோ! ஒன்றுவிட்டு ஒரு நாள் தோய்த்தாலும் ஏழு கிலோ யந்திரம் போதும். "கம்பளி?" என்றான் பிள்ளை. "மெட்ராஸிலே கம்பளி எத்தனை நாளடா போர்த்திக்கொள்கிறாய்? வருஷத்துக்கு ஒரு நாள் வெளியே போட்டுத் தோய்த்து வாங்கினால் போகிறது" என்றாள் சித்தி. ஒன்பது கிலோ அதோடு ஒழிந்தது.

* * *

இந்த இடத்தில் ஒரு கதை. கற்பனை இல்லை, நடந்தது. ஸ்வீடன் தேசத்தில் ஹான்ஸ் ரோஸ்லிங் என்று ஒரு டாக்டர் இருந்தார். புள்ளி விவரங்களைக் கதை போலச் சொல்லி உலகப் புகழ் பெற்றவர், 2017-ல் காலமானார். 2010-ல் அமெரிக்காவில் நடந்த ஒரு கூட்டத்தில் அவர் சலவை யந்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினார். அவருக்கு நாலு வயதாக இருந்தபோது அவர் வீட்டுக்கு முதல் யந்திரம் வந்ததாம். அப்பாவும் அம்மாவும் வருஷக் கணக்காகப் பணம் சேர்த்து வாங்கியது. அதைப் பார்க்கப் பாட்டியையும் அழைத்திருந்தார்கள். ஏழு குழந்தைகளின் துணியை, விறகு அடுப்பில் வெந்நீர் போட்டுக் கையால் தோய்த்தவள் அந்தப் பாட்டி. பொத்தானை நான்தான் அழுத்துவேன் என்று அழுத்திவிட்டு, எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தோய்த்து முடிகிற வரையில் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாளாம். அம்மா என்ன செய்தாள் தெரியுமா? மிச்சமான நேரத்தில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு புத்தகசாலைக்குப் போனாள்.

கேட்கும்போது கண்ணில் நீர் வருகிறது. ஆனால் இதற்கு எதிர்க்கட்சியும் உண்டு. ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற அமெரிக்கச் சரித்திர ஆசிரியை 1983-ல் ஒரு புத்தகம் எழுதினார். 'அம்மாவுக்கு இன்னும் அதிக வேலை' என்பதே அதன் தலைப்பின் அர்த்தம். யந்திரம் வந்த பிறகு வெளியே போட்டுக்கொண்டிருந்த சலவை வீட்டுக்குள் திரும்பிவிட்டது. உதவிக்கு வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். 'இன்னும் சுத்தமாக, இன்னும் அடிக்கடி' என்று எல்லாருடைய எதிர்பார்ப்பும் ஏறிவிட்டது. மொத்தத்தில் அம்மா மிச்சம் பிடித்த நேரம் ஒன்றும் பிரமாதமில்லை என்கிறார். ஒரு தடவை உடுத்திய சட்டையை நாற்காலியில் போட்டு மறு நாளும் போட்டுக்கொண்ட நம் அப்பாக்களையும், நாலு மணி நேரத்துக்கு ஒரு பனியன் மாற்றும் நம் பிள்ளைகளையும் நினைத்துப் பாருங்கள். அந்த அம்மையார் நம் வீட்டை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதினாரோ என்று தோன்றும்.

சித்தியிடம் இரண்டு கதையையும் சொன்னேன். "இரண்டும் சரிதான். தோய்க்கிறது யந்திரம். சட்டைப் பையைப் பார்த்து, ஊக்கைக் கழற்றி, உதறிக் கொடியில் போட்டு, மழை வந்தால் ஓடி எடுத்து, மடித்து அலமாரியில் வைப்பது யார்?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தாமலே, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாள் காதில் விழும்படியாக, "துணிக் காசு துணிக் காசுதான். அதில் ஒரு பைசா குறைக்கப் போவதில்லை" என்றாள். பாத்திரச் சத்தம் ஒரு நிமிஷம் நின்று, பிறகு பழையபடி கேட்டது.

* * *

தியாகராய நகரில் பெரிய கடை ஒன்றுக்குப் போனோம். விற்பனை செய்யும் பையன் மூச்சு விடாமல் பேசினான். நிமிஷத்துக்கு 1,400 சுற்று என்றான். நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு 700, 800 சுற்றுப் பிழிந்தாலே துணி அப்பளமாகிவிடும். அதிகச் சுற்றில் பருத்திப் புடைவை கசங்குவதுதான் மிச்சம். ஐப்பசி கார்த்திகை மழையில், வெயில் எட்டாத பால்கனிக்காரர்களுக்கு வேண்டுமானால் அதிகச் சுற்று உதவும். அப்புறம், 10 வருஷ உத்தரவாதம் என்றான். எதற்கு என்று கேட்டேன். மோட்டாருக்காம். மோட்டார் சாதாரணமாகச் சாகாது. சாவது மின்னணுத் தகடு, தண்ணீரை வெளியேற்றும் பம்பு, கதவைச் சுற்றியுள்ள ரப்பர். அவற்றுக்கு எத்தனை வருஷம் என்றதும் பையன் பக்கத்து வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விட்டான்.

அப்போது சித்தி ஒரு காரியம் செய்தாள். தன் கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, பத்து கிலோ டாப் லோடு ஒன்றின் மூடியைத் திறந்து உள்ளே போட்டாள். பிறகு அதை எடுக்க முயன்றாள். சித்தி உயரத்தில் கொஞ்சம் சிக்கனம். கை அடியைத் தொடவில்லை. எக்கினாள், செருப்புத் தரையை விட்டு எழும்பியது. நானும் பையனும் ஓடிப்போய்ப் பிடித்தோம். "பார்த்தாயா? இதை வாங்கினால் தினமும் என்னைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும்" என்றாள். ஏழு கிலோ டாப் லோடில் கைக்குட்டை சுலபமாக வந்தது. ஃபிரண்ட் லோடிலும் போட்டுப் பார்த்தாள். குனிந்தாள், எடுத்தாள், நிமிரத்தான் நேரமாயிற்று. சகோதரிகளே, நீங்களும் கைக்குட்டை கொண்டுபோங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

கடைசியில் வந்து சேர்ந்தது, அழுத்தம் குறைந்த குழாய்க்கென்று வால்வு பொருத்திய ஏழு கிலோ டாப் லோடு. செல்போன் தந்திரம் இல்லை. சூட்டுக் கம்பி இல்லை. 20,000 ரூபாய்க்குள் முடிந்தது. தண்ணீர் அதிகம் பிடிக்கும் என்பது தெரிந்தேதான் வாங்கினாள். அதற்குப் பரிகாரமாக, கடைசியாக அலசும் தண்ணீரைக் குழாய் வைத்து வாளியில் பிடித்துக் கழிப்பறைக்கும் தாழ்வாரம் கழுவவும் வைத்துக்கொள்கிறாள். புடைவைகளும் ஊக்கு, கொக்கி உள்ள ரவிக்கைகளும் வலைப் பைக்குள் போய்விடுகின்றன; வடம் திரிப்பது நின்றது.

எல்லாரும் இதையே வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீடு தரைத்தளம்; குழாய் சீறிக்கொண்டு வரும்; எனக்கு இன்னும் குனிய முடிகிறது. எங்களிடம் இருப்பது ஃபிரண்ட் லோடு. எனக்கு அதில் வெகு திருப்தி. அது வந்த அன்றைய கூத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன், வேறு யாருக்கும் நேராமல் இருப்பதற்காக. வழியில் உள்ளே உருளை ஆடாமல் இருக்கப் பின்பக்கத்தில் நாலு பெரிய திருகாணிகளை முடுக்கி அனுப்புவார்கள். பொருத்துகிறவர் வந்து அவற்றைக் கழற்றிய பிறகே ஓட்டவேண்டும். அவர் மறு நாள்தான் வருவார். என் கணவருக்கு அதுவரை பொறுக்கவில்லை. தாமே குழாயை மாட்டி விசையைத் தட்டினார். பிழியும் கட்டம் வந்ததும் யந்திரம் சாமி வந்தது போல் ஆட ஆரம்பித்தது. ஆடிக்கொண்டே சமையலறை வாசல் வரையில் நடந்து வந்துவிட்டது! என் மாமியார், "வழி விடுங்கள், அதற்குப் பசிக்கிறதோ என்னவோ" என்றார்.

சித்தி வீட்டு யந்திரத்தில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் பொத்தான்களுக்குமேல் எல்லாம் இங்கிலீஷ் எழுத்து. வேலைக்கு வரும் அம்மாள் தமிழ் நன்றாக வாசிப்பாள், இங்கிலீஷ் தெரியாது. சித்தி தன் ஒட்டுப் பொட்டு அட்டையை எடுத்து வந்தாள். விசைக்குப் பெரிய சிவப்புப் பொட்டு. தினசரித் துணிக்கு மெரூன். பிழிய மட்டும் கறுப்பு. மற்ற பதினொரு பொத்தானும் பொட்டில்லாமல் இருக்கின்றன, ஒருவரும் தொடுவதில்லை. அந்த அம்மாள் ஒரே நாளில் கற்றுக்கொண்டுவிட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். "முதல் நாள் யந்திரம் ஓடினபோது என்ன பண்ணினாய், சித்தி? ஸ்வீடன் பாட்டி மாதிரி எதிரே உட்கார்ந்து பார்த்தாயா? புத்தகசாலைக்குப் போனாயா?" என்று கேட்டேன்.

"தூங்கினேன். அம்பது நிமிஷம். ஒருத்தரும் எழுப்பவில்லை" என்றாள்.

தோய்த்து முடிந்ததும் யந்திரம் ஒரு சங்கீதம் பாடுமாம். டெலிபோன் என்று நினைத்து எழுந்து போன சித்தப்பா, திறந்து பார்த்துவிட்டு, தாமே துணியையெல்லாம் எடுத்துப்போய்க் கொடியில் உலர்த்தினாராம். கலியாணமாகி 41 வருஷத்தில் முதல் தடவை. உதறாமல், சுருட்டினது சுருட்டினபடி. மறு நாள் காலையில் அந்த அம்மாள் வந்து எல்லாவற்றையும் மறுபடி தண்ணீரில் நனைத்து உதறிப் போட்டாளாம்.

"சித்தப்பாவுக்குத் தெரியுமா?" என்றேன்.

"உஸ்! மெள்ளப் பேசு" என்றாள் சித்தி.